ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது

மூன்று நாள் பயிற்சியில் முதல் இரண்டு நாளும் கள்ளிவயல் ஊராட்சித் தலைவர் முத்துராக்கு வாய் திறக்கவில்லை. பேசத் தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிராம சபையில் அவள் மைக்கைப் பிடித்தால் திரும்ப வாங்க இரண்டு பேர் வேண்டும். புதிய இடமென்றால் முதலில் காதைக் கொடுப்பது அவள் வழக்கம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அவள் கேட்ட கேள்வியில், தூங்கிக்கொண்டிருந்த தலைவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அது இரண்டாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு. மாவட்டத்தில் எந்த வேலையை எங்கே செய்யலாம் என்று யோசனை சொல்ல ஒரு செயற்கை நுண்ணறிவு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்கு 'ஆலோசகர்' என்று அரசாங்கம் பெயர் வைத்திருந்தது. ஆலோசகர் சொன்னார், அதிகாரி செய்தார் என்று முதல் நான்கு வருடம் ஓடியது. பிறகு சில ஊர்களில் எக்கச்சக்கமாகிப் போய், புதிதாக ஒரு சட்டம் வந்தது. ஆலோசகர் எதைப் பரிந்துரைத்தாலும், பாதிக்கப்படும் ஊரின் தலைவர் அதைக் கேள்வி கேட்டு, பதிலைப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். கேள்வி கேட்கத் தெரியாதவர் கையெழுத்துப் போட முடியாது. மறுக்கிறவரும் பரிந்துரையில் எது தவறு என்று கெடுவுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறுப்பு செல்லாது. அதற்காகத்தான் ஒன்றியத்தின் முப்பத்தேழு ஊராட்சித் தலைவர்களையும் பிடித்து வந்து இந்தக் கூட்ட அரங்கில் உட்கார வைத்திருந்தார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் மட்டுமே உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. அதனால் பெண் தலைவர்களின் கணவன்மார்கள் பதினோரு பேர் வெளி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து செய்தித்தாளைப் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வராந்தா நாற்காலி முள்ளாகக் குத்தியிருக்கும். முத்துராக்கு தினமும் அவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டே உள்ளே போனாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

பாடம் எடுத்தவள் பௌசியா, முப்பது வயதுப் பெண். முதல் நாளே கேட்டாள்: "ஆலோசகர் ஒரு விஷயம் சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

மாவிலங்கை ஊராட்சித் தலைவர் தவசிலிங்கம் கை தூக்கினார். கள்ளிவயலுக்கு அடுத்த ஊர்க்காரர், நல்ல மனிதர், உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கண்ணயர்ந்துவிடுவார். "என்னத்தச் செய்ய? அம்புட்டும் படிச்ச மிசினு. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"சார், யாரோ ஒரு வெளியூர்க்காரர் உங்க ஊருக்கு வந்து, வடக்குத் தெருவுக்குத் தண்ணியே தேவையில்லைன்னு சொன்னா?"

"எவன்டா ஒனக்குச் சொன்னதுன்னு கேப்பேன்!"

"அதேதான் சார். இதுகிட்டயும் அதையே கேளுங்க."

பலகையில் இரண்டு கேள்விகளை எழுதினாள். எதைப் பார்த்துச் சொல்கிறாய்? எதைப் பார்க்காமல் சொல்கிறாய்? மூன்று நாளும் பாடம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் போண்டாவும் டீயும் உதாரணங்களும்.

மூன்றாம் நாள் தேர்வு. ஒவ்வொருவரும் முன்னால் போய், தன் ஊருக்கு நிலுவையில் இருக்கும் ஒரு பரிந்துரையைத் திரையில் வரவழைத்து ஆலோசகரைக் கேள்வி கேட்க வேண்டும். தவசிலிங்கத்துக்குத் தெருவிளக்கு வந்தது. அவர் திரைக்கு ஒரு கும்பிடு போட்டு, "வணக்கம் சார், எல்லாம் சரிதான சார்?" என்று கேட்டார். "சரி" என்றது ஆலோசகர். "நன்றி சார்" என்று இறங்கி வந்தவரை, மத்தியானம் மறுபடி வந்து கேள்வி கேட்கச் சொன்னாள் பௌசியா.

அடுத்து முத்துராக்கு. திரையில் எழுத்துகள் வந்தன.

'கள்ளிவயல். ஊர்ப் பொது மேய்ச்சல் தரை, அறுபத்திரண்டு ஏக்கர். மூன்று நகரங்களின் குப்பையைச் சேர்த்துப் பிரித்து எரிக்கும் நிலையம். பரிந்துரையின் வலு: மிக அதிகம். தலைவர் பதில் அளிக்கக் கெடு: பதினான்கு நாள்.'

இப்படி ஒன்று இருப்பதே முத்துராக்குவுக்குத் தெரியாது. கள்ளிவயலில் ஆடு மாடு மேய்வது அந்தத் தரையில்தான். அங்கே விழும் மழைதான் ஓடி வந்து ஊருணியில் சேரும். நாலு பக்கமும் உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் குடிக்க ஆகும் ஒரே தண்ணீர் அந்த ஊருணி. குப்பையை அங்கே கொட்டினால் ஊர் குடிப்பது அதன் சாறாகத்தான் இருக்கும்.

"எங்க ஊரு எதுக்கு?" என்று கேட்டாள்.

"தகுதியான இடங்கள் ஒன்பது. நிலம், சாலை, தூரம் ஆகியவற்றில் ஒன்பதுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மக்கள் எதிர்ப்பு எழும் வாய்ப்பு மிகக் குறைவாக உள்ள இடம் கள்ளிவயல்" என்றது ஆலோசகர், செய்தி வாசிப்பவரைப் போன்ற மரியாதையான குரலில்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. "யாரு, கள்ளிவயக்காரகளா? திருவிழாவுல மைக்செட்டு எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்னு மூணு வருசம் அடிச்சுக்கிட்டவகளாச்சே!" என்றார் தவசிலிங்கம்.

முத்துராக்குவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் பலகையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். "எதைப் பாத்துச் சொல்றே?"

"கிராம சபைத் தீர்மானப் புத்தகங்களைப் பார்த்து. இருபத்திரண்டு ஆண்டுகளில் கள்ளிவயல் கிராம சபை அறுநூற்றுப் பதினான்கு தீர்மானங்கள் நிறைவேற்றியுள்ளது. அறுநூற்றுப் பதினான்கும் ஏகமனதாக. ஒரு மறுப்புகூட இல்லை. அடுத்த இடம் மாவிலங்கை. அங்கே ஒரே ஒரு மறுப்பு பதிவாகியுள்ளது."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அரங்கில் இருந்த முப்பத்தேழு பேர் ஊரிலும் தீர்மானப் புத்தகம் இருந்தது. ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கும் என்று அவரவருக்குத் தெரியும்.

தவசிலிங்கம் மட்டும் மெதுவாக, "எங்க செகரட்டரி மஞ்சக்காமாலையில படுத்தப்ப, ஒரு கூட்டத்துக்கு வேற பையன் வந்து எழுதுனான். வெவரம் தெரியாம உள்ளதை எழுதிப்புட்டான்" என்றார். அந்தப் பையன் தன் ஊரைக் காப்பாற்றிவிட்டான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த இடம் தன் ஊர்தான் என்பது அவருக்கு உறைக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. முத்துராக்கு அதைக் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. அவள் மனது முழுக்க ஊருணியில் கிடந்தது.

டீ இடைவேளையில் பௌசியாவை ஜன்னல் ஓரம் நிறுத்திக் கேட்டாள். "மேடம், இம்புட்டு அறிவுள்ள மிசினு, நல்ல எடம் எதுன்னு பாக்காதா?"

"அதுகிட்ட நல்ல இடம் எதுன்னு யாரும் கேக்கலைம்மா. பிரச்சினை வராத இடம் எதுன்னு கேட்டிருக்காங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்கு."

"நாங்க தெனம் சண்டை போடுற ஊருன்னு நான் சொன்னா நம்பாதா?"

"உங்க வாய்ச்சொல் ஒரு பக்கம், இருபத்திரண்டு வருஷ புத்தகம் ஒரு பக்கம். நீங்களா இருந்தா எதை நம்புவீங்க?" பௌசியா டீக்கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தாள். "புத்தகம் தப்புன்னு புத்தகமே சொல்லணும்மா. கிராம சபையைக் கூட்டி, இந்த இந்தத் தீர்மானத்துல இன்னார் எதிர்த்தாங்க, எழுதாம விட்டுட்டோம்னு திருத்தம் போட்டு அனுப்புங்க. அதை ஆலோசகர் படிச்சே ஆகணும்."

"ஏன் எழுதாம விட்டேன்னு கேப்பாகளே?"

"கேப்பாங்க. கீழ கையெழுத்து யாருதோ அவங்களைக் கேப்பாங்க." பௌசியா தயங்கினாள். "பொய்ப் பதிவுன்னு ஆனா பதவியே போகலாம்மா. அதை மறைச்சு உங்களை நான் அனுப்பக் கூடாது."

கடைசி ஏழு வருடக் கையெழுத்து முத்துராக்குவினுடையது.

*

ஊராட்சிச் செயலர் சந்தானத்தின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். இருபத்திரண்டு வருடமாகக் கள்ளிவயலின் தீர்மானங்கள் எல்லாம் அவர் எழுதியவை. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தலைவரம்மா, ஏகமனதான்னு எழுதாட்டி ஒன்றியத்துல வாங்கவே மாட்டாக. யாரு எதிர்த்தா, எதுக்கு எதிர்த்தா, விசாரிச்சு எழுதுன்னு திருப்பி அனுப்புவாக. ஒரு வெளக்குக் கம்பத்துக்கு ஆறு தடவை அலைஞ்சிருக்கேன். எனக்கு எழுதச் சொல்லிக் குடுத்த செகரட்டரியே அப்படித்தான் எழுதுனாரு."

"ஒங்களை யாருண்ணே குத்தஞ்சொன்னா? எடுங்க புத்தகத்தை."

இரண்டு பேரும் தரையில் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்தார்கள். சந்தானம் சில தாள்களில் கூட்டம் நடக்கும் முன்பே கடைசி வரியை எழுதி வைத்திருந்தார். மேலே விஷயம் எழுத இடம் விட்டு, கீழே 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று முன்கூட்டியே. அப்படி ஒரு தாளில் மேலே ஒன்றுமே எழுதவில்லை. கீழே முடிவும் தலைவரின் கையெழுத்தும் மட்டும் இருந்தன. எதை ஏகமனதாக நிறைவேற்றினோம் என்று இருவருக்கும் நினைவில்லை. முத்துராக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தானம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு தாளில் அவள் சிரிப்பு அடங்கியது. சமுதாயக் கூடம் கட்ட இடம் தேர்ந்த தீர்மானம்.

அந்தக் கூட்டம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆடு மேய்க்கும் சோணைமுத்து எழுந்து, அது ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால், அதன்மேல் கட்டாதே என்று கத்தினார். அவர் கத்தாத கூட்டம் கிடையாது. இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா என்று அவள் மைக்செட்காரனுக்குக் கண் காட்டினாள். மைக் அணைந்தது. கூடம் எழும்பியது. அவள் பெயர் பொறித்த கல் அதன் வாசலில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஊருணி ஒரு வருடமும் முழுதாக நிறையவில்லை. மழை குறைவு என்று அவள் சொல்லிவந்தாள். மழை குறையவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

வெட்கமாக இருந்தது. ஊரில் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்கிற அளவுக்கு வெட்கமாக இருந்தது. மிஷினை ஏமாற்றியது யார் என்று தேட வெளியே போக வேண்டியதில்லை.

"இந்த ஒண்ணை விட்டுருவமா தலைவரம்மா?" என்றார் சந்தானம் தாழ்ந்த குரலில். "பழைய தலைவர் காலத்துதை மட்டும் எடுத்துப் போடுவோம். அவருதான் இப்ப இல்லையே."

"செத்தவுக தலையில கட்டிட்டு நான் தப்பிச்சா, அதையும் ஏகமனதான்னுதான் எழுதணும். இதை மொதல்ல போடுங்க."

*

சோணைமுத்துவை மேய்ச்சல் தரையிலேயே பிடித்தாள். அறுபது ஆடுகள், ஒரு குடை, காலில் டயர் செருப்பு. முறைக்கு அவளுக்கு மாமன்.

"என்ன ஆத்தா, தலைவரு நடந்தே வந்துருக்கீக? வண்டி ரிப்பேரா?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆலோசகர், அறுநூற்றுப் பதினான்கு தீர்மானம், குப்பை, அடுத்த இடம் மாவிலங்கை, அவள் அணைக்கச் சொன்ன மைக். கடைசியில், "தப்புப் பண்ணிட்டேன் மாமா" என்றாள்.

சோணைமுத்து குடையை மடக்கினார். "அம்புட்டு வருசம் கத்துனேனே, ஒரு எழுத்துகூட இல்லையா?"

"இல்ல."

"நான் போடுற சத்தம் எங்கயோ ஒரு புத்தகத்துல ஏறிக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன் ஆத்தா. செயிக்கலைன்னாலும் எழுதியாச்சும் இருப்பாகன்னு." சம்பந்தமில்லாமல் ஒரு ஆட்டை அதட்டினார். "மிசினுக்கு என்னையத் தெரியாதுன்னு சொல்லுக."

"தெரிய வைக்கத்தான் வந்துருக்கேன். என்னென்னைக்கு என்னென்ன எதிர்த்தீக, சொல்லுங்க. சந்தானண்ணே எழுதுவாரு."

"ரெண்டு நாளாகும்" என்றார் சோணைமுத்து. முகத்தில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது.

இரண்டு நாள் போதவில்லை. நான்கு நாள் ஆனது. சோணைமுத்துவைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். குழாய் எங்கள் தெருவுக்கு வரவில்லை என்று எதிர்த்த கீழத்தெருப் பெண்கள், சாராயக் கடைக்கு எதிராகக் கை தூக்கியவர்கள், பள்ளிக்கூடச் சுவரை இடிக்காதே என்றவர்கள். புத்தகத்தில் ஒரு மனதாக இருந்த ஊர், சந்தானத்தின் பேனாவில் நூறு மனதாகப் பிரிந்தது. நூற்று முப்பத்தெட்டு மறுப்புகள் சேர்ந்தன. எழுதி எழுதி சந்தானத்தின் விரல் வீங்கியது. ஆனாலும் மூன்றாம் நாளிலிருந்து அவரே, "அப்பறம் என்ன சொன்னீக?" என்று எடுத்துக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

*

சிறப்பு கிராம சபை சமுதாயக் கூடத்திலேயே நடந்தது. முந்நூற்றுப் பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். குப்பை வருகிறது என்றதும் படுத்துக் கிடந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

முத்துராக்கு மைக்கைப் பிடித்தாள். "நாம உக்காந்திருக்கற இந்தக் கூடம் வரத்துக்கால்மேல கட்டுனது. சோணைமுத்து மாமா அன்னைக்கே சொன்னாரு. நான் மைக்கை அமத்தச் சொன்னேன். ஏகமனதான்னு எழுதுனதுல கையெழுத்துப் போட்டது நான். இதுக்காக என் பதவி போனாலும் போகட்டும். ஊருணி போகக் கூடாது."

பிறகு ஒவ்வொரு திருத்தமாகச் சந்தானம் வாசிக்க, பெயர் வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தன் பெயர் வந்ததும் ஒரு பெண், "நாந்தேன்! நாந்தேன் சொன்னேன்!" என்று கையைத் தட்டினாள். திருத்தங்கள் முடிந்து, குப்பை நிலையம் கள்ளிவயலுக்கு வேண்டாம் என்ற தீர்மானம் வந்தது. கைகள் காடு போல எழும்பின.

"மறுப்பு யாராச்சும் உண்டா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள் முத்துராக்கு.

"உண்டு" என்றார் சோணைமுத்து.

கூடமே அவரைத் திரும்பிப் பார்த்தது. முத்துராக்குவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் ஆடுதானே அங்கே மேய்கிறது!

"குப்பை இங்க வரக் கூடாது. சரி. ஆனா தீர்மானத்துல 'கள்ளிவயலுக்கு வேண்டாம்'னு மட்டும் போட்டுருக்கீக. நமக்கு வேணாம்னா அது எங்க போகும்? மாவிலங்கைக்கு. நம்ம புத்தகம் பொய்யின்னா அவுக புத்தகம் மட்டும் மெய்யா? அங்கயும் ஒரு சோணைமுத்து நின்னு கத்திக்கிட்டுத்தான் இருப்பான். அவனையும் எவனும் எழுதியிருக்க மாட்டான். எல்லா ஊரு புத்தகமும் பொய்யின்னு போடுக, கை தூக்குறேன். இல்லாட்டி நான் எதிர்ப்பு."

"யோவ், நம்ம ஊரைப் பாருய்யா மொதல்ல!" என்று யாரோ கத்தினார்கள். மைக்செட்காரன் தலைவரின் கண்ணைப் பார்த்தான், பழைய வழக்கப்படி.

முத்துராக்குவுக்கு ஒரு கணம் கண் காட்டிவிட ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் காட்டவில்லை. அடுத்த ஊர்களின் புத்தகத்தைப் பொய் என்று எழுத கள்ளிவயல் சபைக்கு அதிகாரம் இருக்கிறதா என்று தெரியவில்லை. முப்பத்தாறு தலைவர்கள் அவளைச் சும்மா விட மாட்டார்கள். தீர்மானத்தை மாற்றலாமா என்று சபையைக் கேட்டாள். வேண்டாம், வேண்டாம் என்றார்கள். சபை சொன்னால் சொன்னதுதான்.

சந்தானம் அவள் பக்கம் குனிந்தார். "தலைவரம்மா, முந்நூத்துப் பன்னெண்டு பேரு ஒரு பக்கம். ஒரே ஒரு ஆளு. ஏகமனதான்னு போட்டா கெத்தா இருக்கும். மிசினும் மெரண்டு போகும்."

அவள் அவரைப் பார்த்தாள். அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பேரைப் போடுங்கண்ணே. அவரு சொன்னதை ஒரு வார்த்தை விடாமப் போடுங்க."

*

கெடு முடியும் நாள் காலை. அதே கூட்ட அரங்கம். பௌசியா இருந்தாள். தவசிலிங்கமும் வந்திருந்தார், இந்தத் தடவை அவருக்குத் தூக்கம் வரவில்லை. முத்துராக்கு அனுப்பியதை ஆலோசகர் படித்து முடித்திருந்தார்.

"கள்ளிவயலின் முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்குகளைப் பதிவு செய்துகொண்டேன்" என்றது அந்தக் குரல். "இடம் பெயர் சொல்லி அறிவிக்கப்பட்ட பின் எந்த ஊரும் எதிர்க்கும். ஆகவே அவை மட்டும் இருந்திருந்தால், நூற்று முப்பத்தெட்டுத் திருத்தங்களையும் ஏற்று, இடத்தை மாவிலங்கைக்கு மாற்றியிருப்பேன்."

தவசிலிங்கம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஆனால் ஒரு மறுப்பு உள்ளது. தன் ஆடுகள் மேயும் நிலத்தைக் காக்கும் தீர்மானத்தையே ஒருவர் எதிர்த்திருக்கிறார். அவர் சொன்னது என்னிடம் இல்லாத தகவல். அதைச் சரிபார்த்தேன். முப்பத்தேழு ஊராட்சிகளிலும் கிட்டத்தட்ட எல்லாத் தீர்மானங்களும் அதே இரு சொற்களில் முடிகின்றன. சில தாள்களில் விஷயமே இல்லாமல் முடிவு மட்டும் உள்ளது. நான் படித்தது மக்களின் மனதை அல்ல, எழுதுகிறவரின் பழக்கத்தை. எதிர்ப்பைப் பற்றிய என் கணிப்புகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். ஒன்பது இடங்களில் எதையும் நான் இப்போது பரிந்துரைக்கவில்லை. ஊர்களை நேரில் கேளுங்கள்."

பௌசியா வாய்விட்டுச் சிரித்தாள். தவசிலிங்கம் எழுந்து வந்து முத்துராக்குவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, எங்க ஊரையும் காப்பாத்திப்புட்டீயே!"

"நான் காப்பாத்தலண்ணே. மனசாரச் சொல்றேன், நான் ஒங்க ஊரை நெனைக்கவே இல்லை. எங்க ஊர்ல ஒருத்தரு நெனைச்சாரு." அவள் கைகளை விடுவித்துக்கொண்டாள். "ஒங்க ஊர்லயும் அப்படி ஒருத்தரு இருப்பாரு. போயி யாருன்னு பாருங்க."

"இருக்கான்" என்றார் தவசிலிங்கம் யோசித்து. "எடுபட்ட பய, வாயே மூட மாட்டான்."

குப்பை எங்கே போவது என்ற கேள்வி மூன்று நகரங்களுக்கும் திரும்பிப் போனது. முத்துராக்குவிடம் விளக்கம் கேட்டு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அவள் ஒளிக்காமல் நாலு பக்கம் எழுதினாள். கடுமையாக எச்சரித்து, நாற்காலியை விட்டு வைத்தார்கள். அவளுடைய நாலு பக்கத்தைப் பௌசியா அடுத்த பயிற்சிக்குப் பாடமாக எடுத்துக்கொண்டாள்.

மே முதல் தேதி கிராம சபையில் சந்தானம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊரைக் காத்த தலைவருக்குச் சபை நன்றி தெரிவிக்கிறது என்று. கைகள் எழுந்தன. முத்துராக்கு கூச்சத்தோடு புடவைத் தலைப்பைச் சரி செய்தாள்.

"மறுப்பு" என்றார் சோணைமுத்து. "கூடத்துக்கு அடியில குழாயைப் பதிச்சு வரத்துக்காலைத் தெறந்துவிடட்டும். ஊருணி நெறையட்டும். நன்றியெல்லாம் அப்பறம்."

ஒரு சலசலப்பு. முத்துராக்கு அவரைப் பார்த்தாள், வாசலில் தன் பெயர் பொறித்த கல்லைப் பார்த்தாள். பிறகு தன் கையையும் தூக்கினாள்.

சந்தானம் யாரையும் கேட்கவில்லை. அச்சுப் போன்ற கையெழுத்தில் எழுதினார்: 'மறுப்பு இருவர். சோணைமுத்து. முத்துராக்கு, தலைவர்.'